மாணவர் பேரவைத் தேர்தலை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்: முதல்முறை குழுவில் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மாணவர் பேரவைத் தேர்தலை நடத்தும் குழுவில் வேலை பார்த்தேன். தமிழ்நாட்டுக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டுப் போனவன் நான். நம் ஊரில் பல கல்லூரிகளில் நேரடி மாணவர் தேர்தலே நடப்பதில்லை என்பதால், பூத், ஏஜென்ட், பரிசீலனை எல்லாம் சட்டமன்றத் தேர்தலில் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அங்கே சொல்லித்தரவும் ஆள் இல்லை. போன வருடக் குழு விட்டுப்போன கோப்பில் பாதித் தாள்களைக் காணோம். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். மாணவராக இருந்தாலும், புதிதாகச் சேர்ந்த ஆசிரியராக இருந்தாலும், குழுவில் உங்கள் பெயர் வந்துவிட்டால் இதை முதலில் படித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நீங்கள் எழுதும் எந்த விதியும் யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே பார்க்கப்படும். அதனால் கீழே உள்ள முதல் ஐந்து படிகளும் வேட்புமனு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

நான்கு ஆவணங்கள் வேண்டும். முதலாவது, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு, மாணவர் பேரவைத் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று 2006-இல் கொடுத்த அறிக்கை. இரண்டாவது, அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 22.09.2006 அன்று பிறப்பித்த உத்தரவு. கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி முதல்வர்கள் கூட்டமைப்புக்கும் இடையிலான வழக்கில் வந்தது அது. மூன்றாவது, உங்கள் பல்கலைக்கழகத்தின் விதித்தொகுப்பும் மாணவர் பேரவையின் சாசனமும். சில மாநிலங்களில் தனிச் சட்டமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2016-ஆம் ஆண்டுப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே மாணவர் மன்றத்துக்கு இடம் இருக்கிறது.

நான்காவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்களைத் தேர்தல் குழுவில் நியமித்ததாகப் பதிவாளர் கையெழுத்திட்ட ஆணை. "டீன் போனில் சொன்னார்" என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுவை நீங்கள் தள்ளுபடி செய்ய முடியாது. தலைமைத் தேர்தல் அலுவலர் யார், உறுப்பினர்கள் யார், என்றுவரை என்பதெல்லாம் அந்த ஆணையில் இருக்க வேண்டும். கையில் வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பேரவைச் சாசனமும் லிங்டோ விதியும் முட்டிக்கொள்ளும் இடங்களைப் பட்டியல் போட்டு, எதைப் பின்பற்றுவது என்று பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் லிங்டோ விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்ற காரணத்தால் 2008-இல் உச்ச நீதிமன்றம் தேர்தலை நிறுத்திவைத்தது. மறுபடி அங்கே தேர்தல் நடந்தது 2012-இல்தான். இடையில் சேர்ந்து படித்துமுடித்துப் போன எத்தனையோ பேருக்கு ஓட்டே கிடைக்கவில்லை.

2. நேரடியா, மறைமுகமா?

இது பெரும்பாலும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஒரே வளாகத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்கு, எல்லா மாணவர்களும் நேரடியாக நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை லிங்டோ குழு சொல்கிறது. இணைப்புக் கல்லூரிகள் நிறைய உள்ள இடங்களில் பிரதிநிதிகள் வழியாகவும் நடத்தலாம். கேரளத்தில் கல்லூரிகளில் தேர்வாகும் கவுன்சிலர்கள் சேர்ந்து பல்கலைக்கழக யூனியனைத் தேர்ந்தெடுப்பது அப்படித்தான். உங்கள் இடத்தில் எது என்று பார்த்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. காலண்டரைப் பின்னிருந்து முன்னாக எழுதுங்கள்

இரண்டு கெடுக்கள் உள்ளன. கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். வேட்புமனு வாங்குவதில் தொடங்கி முடிவை அறிவிப்பதுவரை, பிரசாரத்தையும் சேர்த்து, மொத்தம் 10 நாட்களைத் தாண்டக் கூடாது.

வகுப்பு ஆகஸ்ட் 1-இல் தொடங்குகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது செப்டம்பர் 12 முதல் 26 வரை. அதற்குள் விநாயகர் சதுர்த்தி, மீலாது, ஓணம் என்று எந்த விடுமுறை விழுகிறது, எந்தத் துறைக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெள்ளியும் திங்களும் வேண்டாம். ஊருக்குப் போனவர்கள் ஓட்டுப் போட வரமாட்டார்கள்.

10 நாளை இப்படிப் பிரிப்பது வசதியாக இருக்கும்:

முதல் இரண்டு நாள் மனு வாங்குதல். மூன்றாம் நாள் பரிசீலனை, மாலையில் தற்காலிகப் பட்டியல். நான்காம் நாள் மதியம்வரை ஆட்சேபம், 3 மணிவரை வாபஸ், 5 மணிக்கு இறுதிப் பட்டியல். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை பிரசாரம். ஒன்பதாம் நாள் வாக்குப்பதிவு, அன்று இரவே எண்ணிக்கை. பத்தாம் நாள் காலை முடிவு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் நடத்தக் கூடாது. ஒன்பதாம் நாள் மாலை 5 மணிக்குப் பதிவு முடிகிறதென்றால், எட்டாம் நாள் மாலை 5 மணியோடு கூட்டங்கள் முடிந்துவிட வேண்டும். வேட்பாளர்கள் நேருக்கு நேர் பேசும் விவாதக் கூட்டத்தை எட்டாம் நாள் இரவுக்கு வைக்கும் வழக்கம் உங்கள் வளாகத்தில் இருந்தால், அதை ஏழாம் நாளுக்கு நகர்த்துங்கள்.

மாலை வகுப்பு உள்ள கல்லூரி என்றால் பதிவு நேரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பகல் மாணவர்களுக்குக் காலையிலும் மாலைக் கல்லூரி மாணவர்களுக்குப் பிற்பகலிலும் என்று தனித்தனி நேரம் ஒதுக்குகிறார்கள்.

4. வாக்காளர் பட்டியல்: உயிர்போகும் வேலை இதுதான்

10 நாள் கணக்கு மனு வாங்கும் நாளிலிருந்துதான் ஓடுகிறது. ஆகவே வாக்காளர் பட்டியலை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கினால் மூச்சு விடலாம்.

கல்விப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "அடுத்த வாரம்" என்ற பதில்தான் வரும். எங்களுக்கு முதலில் வந்த பட்டியலில் முந்தைய ஆண்டே படிப்பை முடித்துப் போனவர்கள் இருந்தார்கள். ஸ்பாட் அட்மிஷனில் கடைசியாகச் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்களைக் காணவில்லை. முதுகலையில் ஒரு எண்ணும் ஆராய்ச்சிப் படிப்பில் இன்னொரு எண்ணுமாகச் சிலர் இரண்டு இடத்தில் இருந்தார்கள். துறை அலுவலகங்களில் போய் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தவிர இவை வெளியே வராது.

இந்த நான்கு வகையினருக்கு ஓட்டு உண்டா என்று முன்கூட்டியே எழுதி முடிவு செய்யுங்கள்: கட்டணப் பாக்கி உள்ளவர்கள், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர்கள், கால நீட்டிப்பில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள், இடைநீக்கத்தில் இருப்பவர்கள். உங்கள் சாசனம் என்ன சொல்கிறதோ அதுதான் விடை. அது ஒன்றும் சொல்லவில்லை என்றால், பதிவாளரின் கையெழுத்தோடு ஒரு விளக்கக் குறிப்பு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

தற்காலிகப் பட்டியலை எல்லாத் துறை நோட்டீஸ் போர்டிலும் ஹாஸ்டல் வாசலிலும் ஒட்டுங்கள். பெயர், பதிவு எண், துறை, பூத் எண் போதும். போன் நம்பரும் பிறந்த தேதியும் வேண்டவே வேண்டாம். அப்படி வெளியான பட்டியலிலிருந்து மாணவிகளின் எண்ணை எடுத்து இரவு நேரத்தில் அழைப்பவர்கள் உண்டு. திருத்தம் கேட்க மூன்று வேலை நாள் கொடுங்கள். பிறகு இறுதிப் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு மூடிவிடுங்கள். மூடிய பின் ஒரு பெயரும் உள்ளே வரக் கூடாது. தெரிந்த பேராசிரியரே வந்து கேட்டாலும் இதே பதில்தான்.

5. அறிவிக்கையும் குறைதீர் குழுவும்

அறிவிக்கையில் தகுதி விதிகளை முழுமையாக எழுதுங்கள். லிங்டோ குழு சொல்வது இவ்வளவு:

இளங்கலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டு ஓடும் தொழிற்படிப்புகளுக்கு இதைத் தளர்த்தலாம். முதுகலைக்கு உச்ச வயது 24–25. ஆராய்ச்சி மாணவருக்கு 28. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. வருகை 75 சதவீதம், அல்லது பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு, இரண்டில் எது கூடுதலோ அது. நிர்வாகி பதவிக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை. குற்றவியல் வழக்கில் விசாரிக்கப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருக்கக் கூடாது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், தொலைநிலைக் கல்வி செல்லாது, படிப்பும் குறைந்தது ஓராண்டுக் காலம் உடையதாக இருக்க வேண்டும்.

படிக்கும்போது தெளிவாகத் தெரியும். மனு கையில் வந்ததும்தான் ஓட்டைகள் தெரியும். "24–25" என்று எழுதியிருக்கிறார்கள். 25 முடிந்து ஆறு மாதம் ஆன முதுகலை மாணவர் நிற்கலாமா? வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவது? கல்வியாண்டு தொடங்கிய நாளிலா, மனு வாங்கும் கடைசி நாளிலா? முதல் செமஸ்டரில் இருப்பவருக்கு ஒன்றரை மாத வருகைதான் இருக்கிறது. அதையே எடுப்பதா? ஆராய்ச்சி மாணவருக்கு வருகைப் பதிவேடே இல்லாத துறை என்றால், நெறியாளரின் சான்று போதுமா? மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பாடம் அரியரா? காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் மட்டும் பதிவாகி, வழக்கு நீதிமன்றத்துக்கே போகாமல் இருந்தால்?

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அறிவிக்கையிலேயே ஒரு வரி எழுதுங்கள். வயதுக்கு மனு வாங்கும் கடைசி நாளை வைப்பது எளிது. எஃப்ஐஆர் விஷயத்தில் நீங்களாக முடிவெடுக்காமல் வழக்கறிஞரின் கருத்தைப் பெற்று அப்படியே அச்சிடுங்கள். போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பெயர் சேர்க்கப்பட்ட மாணவர்கள் எந்த வளாகத்திலும் இருப்பார்கள். அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது விதி ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

டெபாசிட் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதும் அறிவிக்கையில் இருக்கட்டும். அறிவிக்கையில் இல்லாத பணத்தை ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

குறைதீர் குழுவையும் இதே நாளில் அறிவிக்க வேண்டும். மாணவர் நல டீன் அல்லது மாணவர் விவகாரப் பொறுப்பாசிரியர் தலைவர். ஒரு மூத்த ஆசிரியர், ஒரு மூத்த நிர்வாக அதிகாரி, இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர். தேர்தல் முடியும்வரை அந்த மாணவப் பிரதிநிதிகளை மதிப்பெண் அடிப்படையிலோ கலை, விளையாட்டு போன்றவற்றில் உள்ள ஈடுபாட்டை வைத்தோ நியமிக்கலாம். குழுவில் இருப்பவர் தாமே புகார் கொடுக்க முடியாது. புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தள்ளுபடி செய்ய வேண்டும் அல்லது விசாரணைக்கு அழைக்க வேண்டும். பெயர் போடாத மொட்டைக் கடுதாசியை ஏற்க வேண்டியதில்லை. முடிவு பிடிக்காதவர் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்தல் குழுவில் இருப்பவரையே குறைதீர் குழுவிலும் போட்டுவிடுவார்கள், ஆள் பற்றாக்குறை என்று. ஒத்துக்கொள்ளாதீர்கள். தன் முடிவின் மீது வந்த புகாரைத் தானே விசாரித்தால் யார் நம்புவார்கள்?

6. மனு, பரிசீலனை, வாபஸ்

மனுவோடு கேட்க வேண்டியவை: ஐடி கார்டு நகல், நடப்பு ஆண்டுக் கட்டண ரசீது, பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், துறைத் தலைவரின் வருகைச் சான்று, தேர்வுப் பிரிவின் 'அரியர் இல்லை' சான்று, வழக்கும் ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை என்ற உறுதிமொழி, முன்மொழிபவர் வழிமொழிபவர் கையெழுத்தும் பதிவு எண்ணும், இரண்டு போட்டோ.

தேர்வுப் பிரிவின் சான்றுதான் தாமதமாகும். மனு வாங்கும் இரண்டு நாளில் எல்லா வேட்பாளர்களும் அதே ஜன்னலில் வரிசையில் நிற்பார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முன்பே பேசி, அறிவிக்கை வந்த நாளிலிருந்தே சான்று கொடுக்க ஒருவரை உட்காரவைக்கச் சொல்லுங்கள். வேட்பாளர்களிடமும் "முதலில் சான்றை வாங்கு, மனுவை அப்புறம் நிரப்பு" என்று சொல்லிவிடுங்கள்.

மனு வாங்கும் மேசையில் ஒரு பதிவேடு, சுவரில் ஒரு கடிகாரம். ஒவ்வொரு மனுவிலும் பெற்ற நேரத்தை எழுதி, இணைத்த தாள்களின் எண்ணிக்கையைக் குறித்து, ரசீது கொடுங்கள். "நான் கொடுத்தேன், நீங்கள்தான் தொலைத்தீர்கள்" என்ற வாதம் அந்த ரசீதோடு முடிந்துவிடும்.

பரிசீலனையை வேட்பாளர்கள் முன்னிலையில் செய்யுங்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட போட்டோ போன்றவற்றுக்காக மனுவைத் தள்ளாதீர்கள், அங்கேயே சரிசெய்ய அனுமதியுங்கள். தகுதிக் குறைவு, போலிக் கையெழுத்து, கெடு தாண்டியது போன்றவற்றுக்கு மட்டும் தள்ளுபடி. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் எந்த விதி, எந்த ஆவணம் என்று காரணத்தை இரண்டு வரியில் எழுதி, நகலைக் கையில் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் அந்த இரண்டு வரியைத்தான் கேட்பார்கள்.

வாபஸ் கடிதத்தை வேட்பாளர் நேரில் வந்து கொடுத்தால் மட்டுமே வாங்குங்கள். நண்பர் கொண்டுவந்த கடிதம், வாட்ஸப்பில் வந்த படம் எதுவும் வேண்டாம். நேரில் வருபவரையும் தனியாக உட்காரவைத்து, விருப்பப்பட்டுத்தான் விலகுகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மிரட்டி விலகவைப்பது உண்டு. முதலாமாண்டு மாணவிகளிடம் இது அதிகம் நடக்கிறது.

7. பிரசாரமும் 5000 ரூபாயும்

ஒரு வேட்பாளர் செலவிடக்கூடியது அதிகபட்சம் 5000 ரூபாய். 2006-இல் வைத்த வரம்பு இது. இன்றைய விலைவாசிக்குப் போதாது என்பது என் கருத்து. ஆனாலும் விதி விதிதான். தாண்டினால் வெற்றியே ரத்தாகும். அரசியல் கட்சியிடம் பணம் வாங்கக் கூடாது. மாணவர்கள் தாமாகக் கொடுக்கும் நன்கொடை மட்டுமே அனுமதி.

அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ், பேட்ஜ் எதுவும் கூடாது. கையால் வரைந்த போஸ்டர் மட்டும், அதுவும் முன்பே அறிவித்த இடங்களில் மட்டும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. இரவெல்லாம் ஹாஸ்டல் வராந்தாவில் சார்ட் பேப்பரை விரித்து ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் பையன்களையும் பெண்களையும் பார்த்தால், பணம் இல்லாதவரும் நிற்கலாம் என்ற நம்பிக்கை வரும். சுவர்களை அளந்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சம அளவு இடம் பிரித்துக் குலுக்கல் முறையில் கொடுங்கள். கேண்டீன் எதிரில் உள்ள சுவருக்கு எப்போதும் அடிபிடி இருக்கும்.

ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் எழுத்தில் முன்அனுமதி வேண்டும், வகுப்புக்கு இடைஞ்சல் கூடாது, வளாகத்துக்கு வெளியே நடத்தக் கூடாது. சாதி, மத உணர்வைத் தூண்டி ஓட்டுக் கேட்பதும் வழிபாட்டு இடங்களில் பிரசாரம் செய்வதும் தடை. பல்கலைக்கழக மாணவர் அல்லாத யாரும் எந்த வடிவிலும் பங்கெடுக்கக் கூடாது. பழைய மாணவர், உள்ளூர்க் கட்சிக்காரர், வேட்பாளரின் அண்ணன் எல்லோருக்கும் இது பொருந்தும்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2024-இல் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு முடிந்தது. ஊரெங்கும் ஒட்டிய போஸ்டர்களையும் எழுதிய சுவர்களையும் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்ணிக்கை நடந்தது நவம்பர் 25 அன்றுதான். வேட்பாளர் கூட்டத்தில் இந்த இரண்டு தேதிகளைச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸப் பற்றி 2006 அறிக்கையில் வழி இல்லை. பணம் கட்டிப் பரப்பும் பதிவுகளின் செலவு 5000-க்குள் சேரும் என்றும், ஒவ்வொரு வேட்பாளரும் தம் அதிகாரபூர்வக் கணக்குகளை மனுவிலேயே எழுத வேண்டும் என்றும் அறிவிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

வன்முறை நடந்தால் "நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கடுமையான சட்டம் ஒழுங்குப் பிரச்சினையை 12 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

8. சாமான்களும் செலவும்

குழுவின் செலவுக்கு நிதிப் பிரிவிடம் முன்பணம் கேட்க வேண்டும். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே குறிப்புக் கோப்பை அனுப்பிவிடுங்கள், கையெழுத்துக்காகக் கோப்பு மேசை மேசையாக நகர நாளாகும். செலவுத் தலைப்புகள்: வாக்குச்சீட்டு அச்சு, பெட்டி, அரக்கு, நூல், சீல், மறைப்பு அட்டை, எழுதுபொருள், வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு மதிப்பூதியமும் சாப்பாடும், வீடியோ பதிவு, எண்ணும் கூடத்துக்கு ஜெனரேட்டர். எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய பில்லைத் திருப்பி அனுப்புவார்கள், பணம் உங்கள் கையைவிட்டுப் போகும்.

வாக்குச்சீட்டில் பெயர் வரிசை ஒரு தகராறு. அகர வரிசை என்று எழுதிவிட்டால் போதாது. வட இந்திய மாணவருக்குக் கடைசிப் பெயர் உண்டு, நமக்கு இனிஷியல்தான். 'எஸ். கார்த்திக்' எங்கே வருவார், எஸ்-இலா கே-யிலா? ஐடி கார்டில் உள்ளபடி, இனிஷியலை விட்டுவிட்டு, இயற்பெயரின் முதல் எழுத்தை வைத்து என்று முடிவு செய்து முன்பே அறிவியுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் துறையைச் சேர்த்து அச்சிடுங்கள்.

ஒவ்வொரு பதவிக்கும் வெவ்வேறு நிறத் தாள் வைத்தால் எண்ணும்போது பாதி நேரம் மிச்சம். வாக்காளர் எண்ணிக்கையைவிட நூற்றுக்கு 5 வீதம் கூடுதலாக அச்சிட்டால் போதும். வரிசை எண் அடிக்கட்டையில் மட்டும் இருக்கட்டும், சீட்டில் வேண்டாம். சீட்டிலும் எண் இருந்து, வாக்காளர் கையெழுத்துப் போடும் இடத்திலும் அதே எண் இருந்தால் யார் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடலாம். அச்சு ஓட்டத்தைக் குழுவில் ஒருவர் கூடவே நின்று பார்த்து, மிச்சத் தாளையும் கையோடு வாங்கி வர வேண்டும்.

9. வாக்குப்பதிவு நாள்

தொடங்குவதற்கு அரைமணி முன்பு, ஏஜென்ட்களின் முன்னால் காலிப் பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டுங்கள். அவர்கள் கையெழுத்திட்ட காகிதத்தை உள்ளே வைத்து மூடி, நூல் சுற்றி, அரக்கு வையுங்கள். ஏஜென்ட்களும் மாணவர்களாக இருக்க வேண்டும், பாஸ் இல்லாமல் யாரும் பூத்துக்குள் வரக் கூடாது.

ஐடி கார்டைப் பார்த்து, பட்டியலில் கோடிட்டு, கையெழுத்து வாங்கி, சீட்டின் பின்னால் அலுவலர் கையெழுத்திட்டுக் கொடுப்பது என்ற வரிசை மாறக் கூடாது. காலையில் ஆர்வமாக இருப்பவர்கள் பிற்பகல் கூட்டத்தில் சீட்டின் பின்னால் கையெழுத்திட மறந்துவிடுவார்கள். அந்தச் சீட்டுகள் செல்லாமல் போனால் பாவம் வாக்காளருக்கு. ஒருமணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பூத்திலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். அன்று தண்ணீரைத் தவிர எதையும் வேட்பாளர்கள் விநியோகிக்கக் கூடாது, டீகூட. வாக்காளரை வண்டியில் அழைத்துவருவதும் கூடாது. ஆகவே நடக்க முடியாதவர்களுக்குப் பல்கலைக்கழகமே வண்டி ஏற்பாடு செய்வது நல்லது. எல்லா பூத்தும் தரைத்தளத்தில், சாய்தளம் உள்ள அறையில் இருக்க வேண்டும். பார்வையற்ற வாக்காளர் தாம் தேர்ந்தெடுத்த ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம் என்றும், ஒருவர் ஒருவருக்கு மட்டுமே துணை வரலாம் என்றும் எழுதிவையுங்கள்.

நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு ஓட்டு உண்டு. கையெழுத்திட்ட துண்டுச்சீட்டை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வாருங்கள். முன்னாலிருந்து கொடுத்தால், கொடுத்துக்கொண்டே இருக்கும்போது பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போகும்.

பூத்தை மூடியதும் கணக்குத் தாள்: வந்த சீட்டு, கொடுத்தது, கெட்டது, மிச்சம். ஏஜென்ட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல்.

10. எண்ணிக்கை

முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகளை எண்ணி, கணக்குத் தாளோடு ஒப்பிடுங்கள். பொருந்திய பிறகே வேட்பாளர் வாரியாகப் பிரிக்க வேண்டும். 25 சீட்டுக்கு ஒரு கட்டு, இன்னொருவர் மறுபடி எண்ணிப் பார்த்துக் கையெழுத்து.

செல்லாத ஓட்டுக்கு மாதிரிகள் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு பெயருக்குக் குறி, பெயரோ கையெழுத்தோ எழுதியது, பின்னால் அலுவலர் கையெழுத்து இல்லாதது ஆகியவை செல்லாது. குறி கொஞ்சம் கட்டத்தைத் தாண்டியிருந்தாலும் யாருக்கு என்று தெளிவாகத் தெரிந்தால் செல்லும் என்பதே நியாயமான விதி. சந்தேகச் சீட்டுகளைத் தனியாக வைத்து, தலைமை அலுவலர் எல்லா ஏஜென்ட்களிடமும் காட்டி முடிவு சொல்லட்டும்.

மறுஎண்ணிக்கையை எப்போது கேட்கலாம், எத்தனை முறை என்பதையும் சமநிலை வந்தால் என்ன என்பதையும் அறிவிக்கையிலேயே சொல்லியிருக்க வேண்டும். பொதுத் தேர்தலில் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி சமநிலைக்குக் குலுக்கல்தான். பல்கலைக்கழகத்திலும் ஒரு மறுஎண்ணிக்கை, பிறகு குலுக்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவு நீளும். எண்ணுபவர்களை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், தூக்கக் கலக்கத்தில் எண்ணினால் கட்டு தவறும். கூடத்துக்குள் செல்போன் வேண்டாம். அரைகுறை எண்ணிக்கை வெளியே கசிந்தால் வாசலில் கோஷமும் கைகலப்பும் தொடங்கிவிடும். சுற்று முடிந்ததும் நீங்களே ஒலிபெருக்கியில் அறிவித்தால் வதந்திக்கு இடமில்லை.

11. முடிவு வந்த பிறகு

வேட்பாளர்கள் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பேற்று, வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் வாக்குப்பதிவு இடத்தைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த செலவுக் கணக்கை ஒவ்வொரு வேட்பாளரும் கொடுக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் இது உண்டு. கொடுத்த கணக்கை இரண்டு நாளில் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். கணக்குக் கொடுக்காத வெற்றியாளரின் தேர்தல் ரத்தாகலாம். தணிக்கைக்கு வெளி ஆடிட்டர் வேண்டுமா, நிதிப் பிரிவே பார்த்துக் கையெழுத்திடுமா என்று முன்பே கேட்டுச் சொல்லிவிடுங்கள். 5000 ரூபாய்க் கணக்குக்கு மாணவர் ஆடிட்டரிடம் கட்டணம் கொடுப்பது அநியாயம். முடிவு அறிவித்த பத்தாவது நாளில் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பினால் பலர் தப்பிப்பார்கள்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து மூன்று வாரம்வரை புகார் வரலாம். அதுவரை வாக்குச்சீட்டுகள், அடிக்கட்டைகள், கோடிட்ட பட்டியல்கள் எல்லாம் சீல் வைத்த பெட்டியில் பதிவாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை தொடாதீர்கள்.

முக்கிய நிர்வாகி பதவி தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்குள் காலியானால் மறுதேர்தல் நடத்த வேண்டும். அதற்குப் பிறகு காலியானால் துணைத் தலைவர் தலைவராகவும், இணைச் செயலாளர் செயலாளராகவும் உயரலாம். ஆகவே முதல் இரண்டு மாதம்வரை குழுவைக் கலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மிச்சச் சாமான்களையும் பூட்டி வையுங்கள்.

கடைசியாக, கோப்பு. நியமன ஆணை, வழக்கறிஞர் கருத்து, அறிவிக்கை, மனுப் பதிவேடு, தள்ளுபடி ஆணைகள், பூத் கணக்குத் தாள்கள், பில்கள் என்று பக்க எண் போட்டு, இரண்டு நகல் எடுங்கள். ஒன்று பதிவாளர் அலுவலகத்துக்கு, இன்னொன்று மாணவர் நல டீன் அலுவலகத்துக்கு. இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.